கோர்வை போட்ட சமையல் மேடை

தம்பிங்களா, கல்லு வெட்டுறது எப்படின்னு என்னைக் கேக்காதீங்க. உங்க மெஷின் வேற, நாங்க வெச்சிருந்த மெஷின் வேற. நீங்க லேசர் அடிச்சு மட்டம் பாக்கறீங்க. நான் டியூப்ல தண்ணி ஊத்திப் பாத்தவன். அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

சமையல் மேடைக்கு எந்தக் கல்லு நல்லதுன்னு கேக்கறீங்க. சுருக்கமா சொல்லிடறேன். கருப்பு கிரானைட் சூடு தாங்கும், அழுக்கைக் காட்டாது. காட்டாததாலயே சில வீட்டுல அழுக்கு குடும்பம் நடத்தும். குவார்ட்ஸ்னு ஃபேக்டரியில செய்யிற வெள்ளைக் கல்லு பாக்க நல்லா இருக்கும், கறை லேசுல பிடிக்காது. ஆனா சூட்டைத் தாங்காது. மார்பிள் சாமி ரூமுக்கு. எலுமிச்சம்பழம் பட்டா அதோட முகம் செத்துடும். கடப்பா கல்லு எல்லாருக்கும் கட்டுப்படியாகும், ஆனா புளி பட்டுப் பட்டு மங்கிப் போயிடும். அவ்வளவுதான். இது தெரிஞ்சா கல்லு தெரிஞ்ச மாதிரி. வீடு தெரிஞ்ச மாதிரி ஆகாது.

எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவர் ஒரு வீட்டுக்குள்ள போனதும் டேப்பை எடுக்கமாட்டார். குடிக்கத் தண்ணி கேப்பார். யாரு கொண்டாறச் சொல்றாங்க, யாரு கொண்டாறாங்கன்னு பாத்துக்கினே குடிப்பார். அப்புறம்தான் டேப்பு. இவருக்கு சக்கரை வியாதி, அதான் எந்நேரமும் தாகம்னு நான் ரொம்ப நாள் நெனச்சுக்கினு இருந்தேன்.

பிள்ளையார்பாளையத்து வீடு ஒண்ணைப் பத்திச் சொல்றேன்.

அண்ணன் ஏகாம்பரம், தம்பி வேலு. ஒரே வீடு, ஒரே தறி. கோர்வைப் புடவை நெய்யறவங்க. வெளியூர்லேந்து வந்து இங்க வேலை பாக்கற பசங்களுக்காகச் சொல்றேன். புடவையில உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டையும் தறியிலயே கோத்துக் கோத்து நெய்யறதுதான் கோர்வை. ஒத்த ஆளால ஆகாது. அண்ணன் நடுவுல உக்காந்து நெய்வார். தம்பி பக்கத்துல உக்காந்து, கரை நூலு சுத்தின நாடாவைத் தள்ளுவார். ஒருத்தர் ஒண்ணுக்குப் போனா இன்னொருத்தர் பீடி பத்த வைப்பார். அவர் இல்லாம இவர் ஒரு இழை நெய்ய முடியாது.

அந்த வீட்டு அடுப்பங்கரையில கடப்பா மேடை. நடுவுல விரிசல் விட்டு ஒரு பக்கம் இறங்கிடுச்சு. ரசச் சட்டியை வெச்சா அது மெதுவா சிங்க் பக்கம் கிளம்பிடும். மாத்தணும்னு கூப்பிட்டாங்க.

போனதும் தண்ணி கேட்டேன்.

ரெண்டு டம்ளர் வந்துச்சு. ஒண்ணு பெரியவர் சம்சாரம் பத்மா கையில. ஒண்ணு சின்னவர் சம்சாரம் ஷர்மிளா கையில. ரெண்டு பேரும் ஒண்ணா நீட்டினாங்க. எதை முதல்ல வாங்கினாலும் தப்பு. ரெண்டு கையையும் நீட்டி ரெண்டையும் வாங்கி, ரெண்டையும் குடிச்சேன். வயிறு ரொம்பிடுச்சு. டேப்பை எடுக்கலாமா, இல்ல இப்படியே போயிடலாமான்னு யோசனையா இருந்துச்சு.

"கருப்பு கிரானைட் போட்டுடுங்க மேஸ்திரி. கொதிக்கிற சட்டியை எறக்கி வெக்கிற எடம்" அப்படின்னாங்க பத்மா.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா" அப்படின்னாங்க ஷர்மிளா. "ஆனா கருப்புல கரப்பான்பூச்சி வந்து நம்ம கூடவே சமைச்சாலும் நமக்குத் தெரியாது."

"நான் தொடைக்கிற மேடையில கரப்பான் வந்ததே இல்ல."

"வந்துச்சுன்னு நான் எங்கக்கா சொன்னேன்? வந்தா தெரியாதுன்னுதான் சொல்றேன். வெள்ளை போட்டா பளிச்சுனு தெரியும்."

"தெரியும். மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை விழுந்தாலும் ஊருக்கே தெரியும். யாரு தொடைச்சுக்கினு நிக்கறது?"

"யாரு கொட்டினாங்களோ அவங்கதான்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கல. ரெண்டு பேரும் என் முகத்தைப் பாத்துதான் பேசினாங்க. குரலும் ஏறல. நான் தந்திக் கம்பம் மாதிரி நடுவுல நின்னுக்கினு இருந்தேன்.

கூடத்துல தறி ஓடிக்கினு இருந்துச்சு. அங்கேந்து அடுப்பங்கரை பத்தடி இருக்காது. பேசறது எல்லாம் காதுல விழுது. ஆனா பேச்சு ஏற ஏற, தறியில அடிதான் பலமா விழுந்துச்சே ஒழிய, ஒரு வார்த்தை வரல. நானே போய் நின்னேன்.

"என்னாங்க, எந்தக் கல்லு போடட்டும்?"

ஏகாம்பரம் கண்ணைத் தூக்கல. "கல்லு அடுப்பங்கரை சமாச்சாரம் மேஸ்திரி. நாங்க தறியில இருக்கோம்."

"ஆமாமா, தறியில இருக்கோம்" அப்படின்னார் வேலு.

தெரு முனையில டீ குடிக்க நின்னேன். ஏகாம்பரம் சட்டையைத் தோள்ல போட்டுக்கினு பின்னாடியே வந்துட்டார்.

"மேஸ்திரி, கருப்பு போடு, வெள்ளை போடு, பச்சை வேணும்னாலும் போடு. அடுப்பு மட்டும் ரெண்டாகக் கூடாது."

"மேடை ஒண்ணுதானேங்க?"

"மேடை ஒண்ணுதான்யா. சின்னவளுக்கு ஓரிக்கையில அம்மா வூடு. மாடி காலியா இருக்குது, மாடி காலியா இருக்குதுன்னு சொல்லிக்கினே இருக்கா. ஒரு சாக்குக்குத்தான் காத்துக்கினு இருக்கா. இன்னிக்கு தனி அடுப்புன்னா நாளைக்கு தனி வூடு. வேலு எழுந்து போயிட்டான்னா என் பக்கத்துல யாரு உக்காருவா? தறியில கல்யாணப் புடவை பாதியில நிக்குது."

"வேற ஆளு கிடைக்காதா?"

"கிடைக்கும். வந்தவன் கை வேற, என் கை வேறன்னு புடவையே காட்டிக் குடுத்துடும்." டீ கிளாஸைக் கீழ வெச்சார். அப்புறம் சொன்னார். "அதுவும் இல்லாம, என் தம்பிபா அவன்."

"சரிங்க" அப்படின்னேன். என்ன சரின்னு எனக்கே தெரியல.

தம்பிங்களா, இதை மட்டும் பாத்துக்கோங்க. வீட்டுல உங்களைக் கூப்பிட்டு கல்லைப் பத்திதான் பேசுவாங்க. அவங்களுக்கு இருக்கற பயம் கல்லைப் பத்தினதா இருக்காது.

மறுநாள் ரெண்டு பேரையும் ஏனாத்தூர் போற ரோட்டுல ஒரு கல்லு கடைக்குக் கூட்டிக்கினு போனேன். பத்மா கையில கோயிலுக்குப் போற மாதிரி ஒரு பை. ஷர்மிளா கையில சின்ன பர்ஸு.

கடைக்காரத் தம்பி நல்ல பையன். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கருப்புக் கல்லை நிமிர்த்தி வெச்சு மேல தண்ணி ஊத்தினான். கல்லு பளபளன்னு ஆயிடுச்சு.

"பாருங்கம்மா, கண்ணாடி மாதிரி."

"தண்ணி ஊத்தினா எருமைமாடு கூடத்தான் பளபளக்குது. காயட்டும், அப்புறம் பாக்கறேன்" அப்படின்னாங்க பத்மா. பையிலேந்து டிபன் டப்பாவை எடுத்தாங்க. உள்ள எலுமிச்சம்பழம் ஒரு மூடி, கரைச்ச புளி, மஞ்சத்தூள்.

"அம்மா, இது ஷோரூமுமா."

"இருக்கட்டும்பா. எங்க தெருவுக்கு வந்து புடவை எடுக்கறவங்க கசக்கிப் பாக்கறாங்க, முகர்ந்து பாக்கறாங்க, ஜரிகையைச் சுரண்டிப் பாக்கறாங்க. நாங்க எதுனா சொல்றோமா?"

வரிசையா வெச்சிருந்த சாம்பிள் துண்டு எல்லாத்துக்கும் பூசிட்டாங்க. பையன் என்னைப் பாத்தான். நான் வெளியில போற லாரியைப் பாத்தேன்.

மார்பிள் அங்கயே மங்கிப் போச்சு. கருப்பு ஒண்ணும் ஆகல. வெள்ளை குவார்ட்ஸும் தொடைச்சதும் சுத்தமா ஆயிடுச்சு. ஷர்மிளா முகத்துல ஒரு சிரிப்பு. பத்மா விடல. அந்த வெள்ளைத் துண்டை எடுத்துக்கினு பக்கத்துல வடை கடைக்குப் போயிட்டாங்க. நாங்க பின்னாடியே ஓடினோம்.

"ஏம்பா, அந்த எண்ணெச் சட்டியை இது மேல கொஞ்ச நேரம் எறக்கி வை."

வடை போட்டுக்கினு இருந்தவர் பயந்துட்டார். "யம்மா, சட்டியை எறக்கினா வடை எண்ணெ குடிச்சிடும்மா."

"அந்த ஈடு பூரா நானே வாங்கிக்கறேன். எறக்குபா."

எறக்கினார். நாங்க நாலு பேரும் எண்ணெ குடிச்ச வடையைத் தின்னுக்கினு நின்னோம். சட்டியைத் தூக்கினா, வெள்ளைக் கல்லு மேல மஞ்சளா ஒரு வளையம். தேச்சாலும் போகல.

"அடியில பிரிமணை வெச்சா ஒண்ணும் ஆகாதும்மா" அப்படின்னான் கடைப் பையன்.

"தாளிச்சுக்கினு இருக்கச்சொல்ல பிரிமணையைத் தேடினா கடுகு காத்துக்கினு இருக்குமாபா?"

ஷர்மிளா வடையைத் தின்னு முடிச்சாங்க. கையைத் தொடைச்சாங்க. பர்ஸைத் திறந்து ஒரு பட்டு இழையை எடுத்தாங்க. அந்த வீட்டுல பொம்பளைங்கதான் தறிக்கு இழை சுத்தித் தர்றது. சுத்திட்டு அப்படியே எழுந்து வந்து சமைப்பாங்க. கையில, புடவையில எல்லாம் இழை ஒட்டிக்கினு இருக்கும்.

கடைக்கு வந்து, கருப்புக் கல்லு ஓரத்து மேல இழையை மெதுவா இழுத்தாங்க. ஒரு எடத்துல மாட்டி அறுந்துச்சு.

"இது பாலிஷ் போடாத ஓரம்மா" அப்படின்னான் பையன்.

"போட்டதைக் காட்டு."

காட்டினான். அதுலயும் ஒரு எடத்துல மாட்டுச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன சில்லு. வெள்ளைக் கல்லு ஓரத்துல வழுக்கிக்கினு போச்சு, ஒரு தடங்கலும் இல்ல.

பத்மா இழையைக் கையில வாங்கி அவங்களே இழுத்துப் பாத்தாங்க. "மாட்டுதுதான்" அப்படின்னாங்க. இழையைத் திருப்பிக் குடுத்தாங்க.

சூட்டுல கருப்பு ஜெயிச்சுது. இழையில வெள்ளை ஜெயிச்சுது. ஷேர் ஆட்டோவுல திரும்பி வர்றப்போ ரெண்டு பேருக்கும் நடுவுல நான் உக்காந்துக்கினு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கூடத்துல நின்னு நடந்ததைச் சொன்னோம். வேலு தறியிலேந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "கோர்வை போட்டுடுங்களேன். பாதி அது, பாதி இது."

அவர் விளையாட்டாத்தான் சொன்னார். ஆனா ரெண்டு பொம்பளைங்களுக்கும் முகம் மலர்ந்து போச்சு.

"அடுப்புப் பக்கம் கருப்பு இருந்தா எனக்குப் போதும்" அப்படின்னாங்க பத்மா.

"ஜன்னல் பக்கம் வெள்ளை இருந்தா எனக்குப் போதும்" அப்படின்னாங்க ஷர்மிளா.

அந்த வீட்டுல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு நான் பாத்தது அதான் முதல் தடவை. வேலையும் சுலபம். நடுவுல குறுக்க ஒரே ஜாயிண்ட், ரெண்டு அடிதான். அடுப்பு கருப்பு மேல வந்துடும். தொழில்காரன் எவனும் இதைத்தான் செய்வான். சரின்னு சொல்ல நானும் வாயைத் திறந்துட்டேன்.

அதுக்குள்ள ஷர்மிளா சொன்னாங்க. "அப்படியே என் பக்கம் ஒரு பிளக் பாயிண்ட்டும் வெச்சுக் குடுத்துடுங்கண்ணா. நான் கரண்ட் அடுப்பு வாங்கி வெச்சுக்கறேன். அக்காவுக்கு எதுக்கு என்னால தொந்தரவு."

என் பக்கம்னு அவங்க சொன்னதும் தறி நின்னு போச்சு.

"தாராளமா வெச்சுக்கோம்மா" அப்படின்னாங்க பத்மா. "எனக்கு என்னா தொந்தரவு." சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைப் பாத்தா யாருக்கும் சோறு எறங்காது.

ஏகாம்பரம் சம்சாரத்தைப் பாக்கல, தம்பியைப் பாக்கல. என்னைப் பாத்தார்.

இந்த மாதிரி நேரத்துல, யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னு கிளம்பிடாதீங்க. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள எலக்ட்ரீஷியன் வந்து பாயிண்ட் வெச்சுட்டுப் போயிருப்பான்.

நான் வேலு பக்கம் திரும்பினேன். "கோர்வைன்னீங்களே. கரை குறுக்க ஓடுமா, நீளத்துல ஓடுமா?"

"என்னா மேஸ்திரி, கல்லு தூக்கித் தூக்கி மூளை கலங்கிப் போச்சா? நீளத்துலதான் ஓடும். ரெண்டு ஓரத்துலயும்."

"அப்போ நடுவுல வெட்டி பாதி கருப்பு, பாதி வெள்ளைன்னா அது கோர்வை இல்லியே?"

"இல்லதான்."

"அது என்னா?"

வேலு யோசிச்சார். "ரெண்டு ரவிக்கைத் துணி."

ஷர்மிளா லேசுல விடற ஆளு இல்ல. அவங்களும் நெசவுக்காரர் வீட்டுப் பொண்ணுதான். "முந்தானை குறுக்கதானே வருது? முந்திக்கு வேற கலரு போடறது இல்லியா? ஜன்னல் பக்கம் முந்தின்னு வெச்சுக்கோங்களேன்."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கிட்டார். கையை சும்மா வெச்சுக்கினு நிக்க முடியாம, அடுப்பங்கரைக்குள்ள போயி ஜன்னல் பக்கத்துலேந்து டேப்பை இழுத்தேன். எல்லாரும் பின்னாடி வந்து நின்னாங்க. டேப்பு சிங்க்ல போயி இடிச்சுது.

"ஏம்மா, முந்தி இங்கதானே வரும்?"

"ஆமாண்ணா."

"சிங்க் இங்கதான் இருக்குது. பைப்பும் இங்கதான். மாத்த முடியாது. சிங்கை ஒட்டி கரண்ட் பாயிண்ட்டும் வெக்கக் கூடாது, தண்ணி தெறிக்கும். பக்கம் பிரிச்சா உங்க பக்கம் சிங்க்தான் வருது."

ஷர்மிளா சிங்கைப் பாத்தாங்க. காலையில சாப்பிட்ட பாத்திரம் எல்லாம் அதுல கிடந்துச்சு.

"அப்போ அக்கா சமைப்பாங்க, நான் நின்னு பாத்திரம் தேய்க்கணும். அதானே?"

"எனக்குச் சம்மதம்" அப்படின்னாங்க பத்மா, சட்டுனு.

வேலு சத்தமா சிரிச்சுட்டார். சம்சாரம் திரும்பிப் பாத்ததும் இருமல் வந்த மாதிரி நெஞ்சைத் தடவிக்கினு தறிக்குப் போயிட்டார்.

"வோணாம்ணா. பக்கமே வோணாம்" அப்படின்னாங்க ஷர்மிளா.

அந்த இடத்துலதான் சொன்னேன். முன்னாடி ஓரம் பூரா நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை. பின்னாடி சுவரை ஒட்டி அதே மாதிரி வெள்ளை. நடுவுல நீளத்துக்கும் கருப்பு. சட்டி எறக்கற எடம் கருப்பு, சூடு தாங்கும். வயிறும் புடவையும் உரசற ஓரம் வெள்ளை, இழை மாட்டாது. அசல் கோர்வை.

ரெண்டு பேரும் மேடையைக் கையால தடவித் தடவி, மனசுல கற்பனை பண்ணிப் பாத்தாங்க.

பத்மாவுக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. "மேஸ்திரி, அப்போ முன்னாடி நீளத்துக்கும் கோடு விழுமே. மாவெல்லாம் அதுல போயி உக்காராது?"

"உக்காரும்."

"அப்போ?"

"தொடைக்கணும்."

"யாரு?"

"பக்கமே வோணாம்னு சொல்லிட்டாங்களே. ரெண்டு பேரும்தான்."

தொழில் தெரிஞ்சவன் எவனும் மேடையில முன் ஓரத்துக்கு நீளமா ஜாயிண்ட் வெக்க மாட்டான். கிரானைட்டும் குவார்ட்ஸும் ஒரே கனம் கிடையாது. எவ்வளவு தேச்சாலும் விரலுக்குத் தட்டும். தண்ணி நிக்கும், எண்ணெ நிக்கும், பசை தேய்ஞ்சு போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் வெச்சேன். வேலை நடக்கறப்போ ரெண்டு மேஸ்திரிங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. வெளியில போயி சிரிச்சது கேட்டுச்சு.

முடிச்சதும் ஏகாம்பரம் வந்து கோட்டு மேல விரலை ஓட்டிப் பாத்தார். "நிக்குமா மேஸ்திரி?"

"கல்லு நிக்கும். திட்டுதான் வரும்."

வந்துச்சு. கடுகு மாட்டுதுன்னு போன் வந்துச்சு. ரவை மாட்டுதுன்னு வந்துச்சு. இட்லி மாவு காஞ்சு போயி பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால தேய்க்கிறோம்னு வந்துச்சு. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு ரெண்டு பேரும் பேசுவாங்க. ஒருத்தர் மூச்சு விடற நேரத்துல இன்னொருத்தர் திட்டுவாங்க. இடைவெளியே இருக்காது.

ஒரு தடவை பழைய பசையைச் சுரண்டிட்டுப் புதுசா வைக்கப் போனேன். மேடைக்கு அந்தக் கோடியில ஒருத்தர், இந்தக் கோடியில ஒருத்தர் நின்னுக்கிட்டாங்க.

"நான் அப்பவே சொல்லல ஷர்மி, இந்த ஆளு வோணாம்னு?"

"நீங்க எங்கக்கா சொன்னீங்க? நான்தான் சொன்னேன்."

"சரி, ரெண்டு பேரும்தான் சொன்னோம்."

"கோடு போடச் சொன்னா காவா வெட்டி வெச்சிருக்காரு."

"காவான்னா தண்ணியாவது ஓடுமே ஷர்மி."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சாங்க. நான் குனிஞ்சு பசை வெச்சுக்கினு இருந்தேன்.

பாதி பாதியா போட்டிருந்தா ஜாயிண்ட் சுத்தமா இருந்திருக்கும். என் பேரும் சுத்தமா இருந்திருக்கும். பிளக் பாயிண்ட்டும் வந்திருக்கும், ஓரிக்கை மாடிக்கு ஆளும் வந்திருக்கும். இப்போ அந்தக் கல்யாணப் புடவை நெய்து முடிச்சுப் போயாச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ புடவை போயாச்சு. வேலு அண்ணன் பக்கத்துலயேதான் உக்காந்துக்கினு இருக்கார். அடுப்பு ஒண்ணுதான்.

மேடை பாக்கறதுக்கு என்னவோ அழகாத்தான் இருக்குது. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்து பாத்துட்டு, யாரு போட்டதுன்னு கேக்கறாங்க. கேட்டவங்களை ரெண்டு பேரும் சேர்ந்து உக்கார வெச்சு, காபி குடுத்து, பிரஷ்ஷை எடுத்துக் காட்டி, அந்த ஆளை மட்டும் கூப்பிடாதீங்கன்னு சொல்லி அனுப்பறாங்க. நான் வேலையை விடற வரைக்கும் அந்தத் தெருவுல எனக்கு வேற வேலையே வரல.

உங்களுக்கு வந்தா போங்க. நல்ல ஜனங்க. என்கிட்ட தொழில் கேட்டுக்கிட்டோம்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க.